கல்யாணக் களை

பானுப்ரியாவின் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது என்று முதலில் சொன்னவள் எதிர்வீட்டு ஆன்சி. அப்புறம் தையல்கடைக்காரம்மா சொன்னாள். பாலக்கரையில் பூக்கட்டும் பெண்மணி முழம் போட்ட கையோடு நிமிர்ந்து பார்த்து, அதையே சொல்லி, ஒரு சாண் பூவைக் கூடுதலாகக் கிள்ளிக் கொடுத்தாள். தை பிறந்தால் கல்யாணம். மார்கழிப் பனியில் ஒரு பெண்ணின் முகம் இப்படி மினுமினுத்தால் ஊர் வேறு என்ன சொல்லும்?

அம்மா வள்ளிக்கண்ணுவுக்கு அதைவிடப் பெரிய அதிசயம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. பானு விடியற்காலையில் எழுந்துகொண்டாள். யாரும் எழுப்பவில்லை, அலாரம் அடிக்கவில்லை. வள்ளிக்கண்ணு கண்விழித்துப் பார்க்கும்போது வாசல் தெளித்திருக்கும், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கோலம் கிடக்கும், அடுப்பில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும். மகள் தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நின்றுகொண்டு எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள்.

பிறந்ததிலிருந்து ராக்கோழி என்று பெயர் வாங்கியவள் பானு. பள்ளிக்கூட நாட்களில் அவளைப் படுக்கையிலிருந்து பிரித்தெடுத்துப் பல் தேய்க்கவைப்பதற்குள் வள்ளிக்கண்ணுவுக்குப் பாதி உயிர் போய்விடும். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். சாயங்காலம் தெருவிளக்கு எரியத் தொடங்கும்போது அவளுக்குள்ளும் ஏதோ எரியத் தொடங்கும். கண் பெரிதாகும், பேச்சு வரும், கை எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். ஊர் அடங்க அடங்க அவள் மலர்ந்துகொண்டே போவாள்.

அவளுடைய அப்பா சரவணனும் அப்படித்தான். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து விடிய விடியத் திட்டம் போடுகிற மனிதர். சில மாதங்கள் வீடு கொள்ளாத சிரிப்போடு திரிவார், அறிமுகமில்லாதவர்களைச் சாப்பிட அழைத்து வருவார், புதுக்கடை திறக்கப்போகிறேன் என்று பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டு வருவார். சில மாதங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ‘அவர் சுபாவம் அப்படி’ என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடிப்போனது. அவர் மாரடைப்பில் போகும்வரைக்கும் அந்தச் சுபாவத்துக்கு ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பெயர் மகள் வழியாக வந்தது. சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தூக்கமே தேவையில்லை என்று பானுவுக்குத் தோன்றிய ஒரு காலம் வந்தது. உலகத்தில் இருந்த வண்ணங்கள் எல்லாம் அவளோடு பேசின. கேட்காத ஆட்களுக்கெல்லாம் படம் வரைந்து கொடுத்தாள். பழைய தோழிகளைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் பேசினாள். ஒருநாள் அலுவலகத்து மொட்டைமாடி விளிம்பில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டு பாடினாள். அம்மாவும் மாமாவும் போய் அழைத்து வந்தார்கள். அதன்பிறகு வந்தது நீண்ட இருட்டு. சீப்பைக் கையில் எடுப்பதற்குக்கூட மலையைத் தூக்குகிற மலைப்பு.

பைபோலார் என்றார் தில்லைநகர் டாக்டர் லிசி. மாத்திரை கொடுத்தார். அதோடு பொறுமையாகப் பேசவும் செய்தார். ராக்கோழியாக இருப்பது நோய் இல்லை, உலகத்தில் எத்தனையோ ராக்கோழிகள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றார். ஆனால் மனசு இப்படி ஏறி இறங்குகிற சுபாவக்காரர்களிடையே ராக்கோழிகள் கொஞ்சம் அதிகம். ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, எது வீட்டுக்காரர் எது வாடகைக்காரர் என்று தன்னாலும் சொல்ல முடியாது என்று சிரித்தார். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் பானுவுக்கு மனசில் நின்றது.

“ராக்கோழி ராக்கோழியாவே இருக்கட்டும். திடீர்னு ஒருநாள் சேவலா மாறிட்டா மட்டும் எனக்கு உடனே போன் போடும்மா.”

இப்போது சேவலாகத்தான் மாறியிருந்தாள். போன் போடவேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் இந்தமுறை இதற்குக் காரணம் இருந்தது. காரணத்துக்குச் சித்தார்த்தன் என்று பெயர்.

சித்தார்த்தனுக்குச் சொந்த ஊர் முசிறி. அங்கே அப்பா பிச்சமுத்துவுக்கு வாழைத்தோட்டம். மகன் அதில் ஒரு பகுதியில் வாழைக்கன்று நாற்றங்கால் வைத்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கடையும் போட்டிருந்தான். சென்னையிலிருந்து திரும்பி, உடம்பும் மனசும் தேறி, பாலக்கரையில் ஓர் அச்சகத்தில் பானு டிசைன் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம், கன்றுப் பைகளுக்கு லேபிள் வேண்டும் என்று அவன் ஒரு காலை வேளையில் வந்தான். கேட்டதற்கெல்லாம் ‘உம்’, ‘உஹும்’ என்று மட்டும் பதில் சொன்ன பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனான். மறுபடி சாயங்காலம் வந்தபோது அதே நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து, வாழையின் குருத்து விரிவதைப் பற்றி அவனிடமே அரைமணி நேரம் பாடம் கேட்டு, அவன் கண்ணெதிரே அதை வரைந்தும் காட்டினாள்.

“காலைல இருந்தவங்க உங்க அக்காங்களா?” என்று கேட்டான் அவன்.

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

பழகிய பிறகு தெரிந்தது, அவன் அவளுக்கு நேரெதிர். விடியலுக்கு முன்பே அவன் கண் தானாகத் திறந்துகொள்ளும். ஆற்றில் ஒரு முழுக்கு, கடை, கணக்கு, முசிறிக்கு பஸ் என்று காலையிலேயே ஒரு நாள் வேலையை முடித்துவிடுவான். சாயங்காலம் ஆகிவிட்டால் பேச்சு குறையும், கண் சொருகும். தன் கதை முழுவதையும் பானு அவனிடம் சொன்னது ஒரு சாயங்காலத்தில்தான். சென்னை, மொட்டைமாடி, சீப்பு, மாத்திரை, டாக்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. “தூக்கம் வருதுங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்றான் அவன், குற்றவாளியைப்போல. மறுநாள் காலை தெளிந்த கண்களோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, சொன்னதில் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லி, அதனால் எனக்கு ஒன்றும் மாறவில்லை என்றான். பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்த பானு ‘உம்’ என்றாள். அவர்களுடைய நிச்சயதார்த்தம் உண்மையில் அதுதான்.

அவளுடைய நோயைப் பற்றி அவன் வீட்டில் சொல்லவேண்டும் என்பது மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு சொல்லலாம் என்றாள் அவள். சரி என்றான் அவன். அதற்குள் இரு வீட்டாரும் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்து, நாலரைக்கு மேல் ஆறு மணிக்குள் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். விடியற்காலை முகூர்த்தம் போல வருமா என்று எல்லோருக்கும் திருப்தி.

மார்கழி பிறந்து கொஞ்சநாள் ஆனதும், ஒரு விடியலில் அவன் போனில் ‘எழுந்துட்டேன்’ என்று வழக்கம்போல அனுப்ப, ‘நானும்தான்’ என்று பதில் வந்தது. அவன் நம்பவில்லை. அவள் கோலத்தைப் படமெடுத்து அனுப்பினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து அம்மா மண்டபம் படித்துறைக்கே வந்துவிட்டாள்.

அந்தக் காலைகளைப் பற்றி என்ன சொல்வது? பனி ஆற்றின்மேல் தரையிறங்கிப் படுத்திருக்கும். அக்கரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஈரத்தலையோடு யாரோ படியேறி வருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி, பக்கத்தில் வந்து, மறுபடி புகையாகிக் கலைந்து போவார்கள். கோயில் பக்கமிருந்து பாசுரம் ஒலிபெருக்கியில் மிதந்து வரும். படியில் ஒரு மாடு தன் கன்றுக்கு முதுகை நக்கிவிட்டுக்கொண்டிருக்கும். அந்த வெண்மைக்கு நடுவில் அவர்கள் இருவர் மட்டும், ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு. இத்தனைநாள் ஒரே நாளின் இரண்டு கரைகளில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது ஒரே கரைக்கு வந்துவிட்டார்கள். சித்தார்த்தன் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பானுவுக்கோ உலகமே கழுவி வைத்ததுபோல் இருந்தது. நீரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் அழுகை வரும்; அழுதால் சிரிப்பு வரும். தலைக்குள் ஒரு நூற்கண்டு தானாகப் பிரிந்து பிரிந்து பட்டாகிக்கொண்டிருந்தது. தாம்பூலப் பைகளைத் தானே கையால் வரைந்து தரப்போவதாகச் சொன்னாள். மறுநாள் மண்டபத்தின் பின்திரையையும் தானே வரையப்போவதாகச் சொன்னாள். அதற்கடுத்து, காவிரி நெடுக எல்லா நாற்றங்காலுக்கும் லேபிள் செய்கிற ஒரு கம்பெனி. இரவு மாத்திரை கண்ணைச் சொருகவைத்தது. கொஞ்சம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வேலையில் இறங்கினால், கொஞ்சம் கழித்து அது மறந்தே போயிற்று. தூக்கம் சுருங்கிக்கொண்டே வந்தது. அது சுருங்கியதை அவள் ஒரு இழப்பாகவே உணரவில்லை.

வள்ளிக்கண்ணு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கணவன் இப்படிச் சிரித்த நாட்கள் அவள் மனசின் ஓரத்தில் ஒருமுறை நிழலாடவும் செய்தன. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகளைப் பார்த்துப் பார்த்து நொந்த கண்கள் அவை. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, புகுந்தவீட்டுக்குப் போகிறவள் காலையில் எழப் பழகிக்கொள்கிறாள், முகத்தில் களை கட்டுகிறது என்று ஊரே சொல்லும்போது தான் ஒருத்தி மட்டும் ஏன் வேறு நினைக்கவேண்டும்? பூக்காரி கொடுத்த பூவை மகள் தலையில் வைத்துத் திருஷ்டி கழித்தாள்.

ஒருநாள் படியில் உட்கார்ந்திருக்கும்போது பானு பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு பேச்சு முடியுமுன் அடுத்தது, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று. சித்தார்த்தன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். டீ ஆறி ஆடை கட்டியது.

“நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின?” என்றான்.

“தூங்கினேனே.”

“எத்தனை மணிக்கு?”

அவள் சிரித்தாள். தூக்கத்தையெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் தூங்கிக்கொள்ளலாம் என்றாள். முகத்தில் எப்படிக் களை வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, நீங்கள் மட்டும் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

அவன் ஆற்றைப் பார்த்தான். சொல்லவேண்டாம் என்று அவனுக்குள் ஒருவன் கெஞ்சியிருக்கவேண்டும். “எங்க தோட்டத்துல களைன்னா வேற அர்த்தம் பானு. மழை பேஞ்ச மறுநாள் பாத்தா வாழைக்குள்ள பச்சைப்பசேல்னு வந்து நிக்கும். தூரத்துலேர்ந்து பாக்கறவங்க என்ன செழிப்புன்னுதான் சொல்லுவாங்க” என்றான்.

அவளுக்கு அது புரிந்த வேகத்தில் முகம் சிவந்தது. “நான் சந்தோஷமா இருந்தா உங்களுக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதானே?”

“பயமாத்தான் இருக்கு.”

“எல்லாப் பொண்ணுங்களும் கல்யாணத்துக்கு முன்னாடி சந்தோஷமாத்தான் இருப்பாங்க. அவங்களை யாராவது எத்தனை மணிக்குத் தூங்கினன்னு கேக்கறாங்களா? எனக்கு மட்டும் சந்தோஷத்துக்குக்கூட ரசீது காட்டணுமா?”

அவன் ஆறிய டீயைப் படியில் வைத்தான். தாழ்ந்த குரலில், “இந்த மாதிரிக் காலை எனக்கு இனிமே கிடைக்காது. அது தெரிஞ்சுதான் கேக்கறேன்” என்றான்.

அவள் எழுந்து போய்விட்டாள். ஸ்கூட்டர் எந்தப் பக்கம் போகிறது என்று அவளே பார்க்கவில்லை. திருவானைக்காவல் கோபுரம் எதிரே வந்ததும் நிறுத்தினாள். காரணம் எதுவும் இல்லை. உள்ளே போனாள். வெளிப் பிராகாரத்தில் தென்னைகளுக்கிடையே வெயில் அப்போதுதான் நீளக் கோடுகளாக விழுந்துகொண்டிருந்தது. கல்தரை ஜில்லென்றிருந்தது. ஒரு தூணடியில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தாள். சன்னதிக்குள் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும் என்பார்கள். எத்தனை துடைத்தாலும் ஊறும். தன் தலைக்குள்ளும் அப்படித்தான் இருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. அவன்மேல் வந்த கோபம் ஒரு பாட்டாக மாறியது, பாட்டு ஒரு படமாக மாறியது, படத்துக்குச் சட்டம் எங்கே போடலாம் என்று யோசனை ஓடியது. இதில் எது அவள்? அவன் பெயரைக் கேட்டால் வருகிற இந்தக் குறுகுறுப்பு அவளுடையதா, நோயினுடையதா? இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே குரல். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அவளிடம் ஒரு முறமும் இல்லை.

நிழலில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு தூணில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையும் தூங்கியது. தூரத்து ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பாள்போல. அவளுடைய களைப்பைப் பார்த்தபடியே பானு நின்றாள். இப்படி வந்து விழுந்து தூங்கவேண்டியவள் நான்தானே என்று நினைத்தாள். எத்தனை நாளாயிற்று ஒழுங்காகத் தூங்கி? உடம்பில் ஒரு துளிச் சோர்வு இருக்கிறதா என்று தலையிலிருந்து கால்வரை தேடிப் பார்த்தாள். இல்லை. கண் எரியவில்லை, கால் வலிக்கவில்லை, இன்னும் பத்து ஊர் சுற்றிவரலாம் போலிருந்தது. சந்தோஷமாக இருக்கிற எந்தக் கல்யாணப்பெண்ணும் இதற்குள் களைத்துப் போயிருப்பாள்.

அந்தக் கல்தரையில் உட்கார்ந்து, விட மனமில்லாத ஒன்றைக் கையிலிருந்து இறக்கி வைப்பதுபோல, டாக்டர் லிசிக்குப் போன் போட்டாள்.

டாக்டர் அன்றைக்கே வரச்சொன்னார். மாத்திரைகளை மாற்றினார். தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கை, காலையில் அவசரமில்லாமல் எழுந்திருப்பது, பை, பின்திரை வேலையெல்லாம் கல்யாணம் முடிகிறவரை வேறு யாரிடமாவது. சீக்கிரமே வந்துவிட்டாய், அதனால் பயமில்லை என்றார். பிறகு அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார். அவள் கையால் வரைந்த குருத்தைப் பாராட்டினார். முகூர்த்த நேரத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. இரண்டு மணிக்கு எழுப்பி அலங்காரம், அதற்கு முந்தைய மாலை வரவேற்பு, வீடு நிறைய ஆட்கள், ஆக அன்றைக்குத் தூக்கமே கிடையாது என்று அவரே சொல்லிக்கொண்டார். “கல்யாணம் பண்ணிக்கோம்மா. ஆனா தூங்கி எழுந்து பண்ணிக்கோ” என்றார்.

முகூர்த்தத்தை மாற்றவேண்டும் என்றால் காரணம் சொல்லவேண்டும். சித்தார்த்தன் தானே தன் அம்மாவிடம் பேசுவதாகச் சொன்னான். பானு வேண்டாம் என்றாள். இது என்னுடையது, நான்தான் சொல்வேன் என்றாள். சொன்னால் கல்யாணமே நின்றுபோகலாம் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். வள்ளிக்கண்ணு அழுதாள், தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள்.

கூரைப்புடவையைக் காட்டுவதற்காக சித்தார்த்தனின் அம்மா ராக்கம்மாள் ஒரு மத்தியானம் முசிறியிலிருந்து மகனோடு பாலக்கரையில் பானுவின் வீட்டுக்கு வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல், எதையும் நேரே கேட்டுவிடுகிற சுபாவம். புடவையை மடியில் விரித்து ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தவளின் எதிரில் பானு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை அவளை மந்தமாக்கியிருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, கனமாக வந்தன. ஒருவேளை அதனாலேயே எதுவும் விட்டுப்போகவில்லை.

ராக்கம்மாள் புடவையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“குணசீலம் போயிருக்கீங்களா?” என்றாள்.

மனநலம் வேண்டிப் போகிற கோயில் அது. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் என்னவென்று புரியும். வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போயிருக்கோம் அத்தை. மாத்திரையும் சாப்பிடறேன்” என்றாள் பானு.

“புள்ளை பெத்துக்கலாமா?”

“பெத்துக்கலாம். அதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், மாத்திரையை மாத்தித் தருவாங்க.”

ராக்கம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல்லேர்ந்தே தெரியும்மா.”

“அப்ப நான்தான் அசலூர்க்காரி” என்றாள் அவள். காபியைக் குடிக்கவில்லை. புடவைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வரேன்” என்று அவள் சொன்னது யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. சித்தார்த்தன் வாசலில் ஒருகணம் நின்று பானுவைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான்.

அதன்பிறகு வந்த நாட்கள் நனைந்த துணிபோல நகர்ந்தன. பானு படுத்தாள், எழுந்தாள், சாப்பிட்டாள். தலைக்குள் ஓடிய நூற்கண்டு மெல்ல மெல்ல நின்றது. வண்ணங்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாதாரண வண்ணங்களாயின. விடியல்கள் அவளை விட்டுப் போயின. வழக்கம்போல வெயில் ஏறிய பிறகுதான் கண் திறந்தது. என்னடி, களை கொஞ்சம் கம்மியாகிவிட்டதே, புகுந்தவீட்டைப் பற்றிக் கவலையா என்றாள் ஆன்சி. சித்தார்த்தன் தினமும் சாயங்காலம் வந்து, தூக்கம் சொருகுகிற கண்களோடு சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அம்மா தன்னிடமும் பேசுவதில்லை என்றான். இருந்தும் ஒன்று பானுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் அந்தக் குறுகுறுப்பு இன்னும் வந்தது. சின்னதாக வந்தது. அவன் போனபிறகும் எங்கும் ஓடாமல் அங்கேயே இருந்தது. ஆக அது அவளுடையதுதான்.

ராக்கம்மாளின் போன் வள்ளிக்கண்ணுவுக்கு வந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் பானுவும் கேட்டாள்.

“சம்பந்தியம்மா, மண்டபத்துக்காரன்கிட்டப் பேசிட்டேன். ஐயர்கிட்டயும் கேட்டாச்சு. அதே நாள்ல ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம் இருக்காம். அதுல வச்சுக்கலாம்.”

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று வள்ளிக்கண்ணு எப்படியோ கேட்டாள்.

“என் முட்டி வலியைச் சொல்லுங்க. பனியில விடியக்காலைல எழுந்து குளிச்சா எனக்கு முட்டி மடங்காதுன்னு சொல்லிட்டேன், இங்க எல்லார்கிட்டயும். என் நாத்தனார் இப்பவே நொடிக்க ஆரம்பிச்சுட்டா. நொடிச்சுட்டுப் போறா.” அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணு சொல்லாம இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? உக்காந்து சொன்னாளே, அதான் இத்தனை நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எம்மகன்தான் சொல்லலை. அவனை நான் அப்புறமாப் பாத்துக்கறேன்.”

கல்யாணத்தன்று பானு தூங்கி எழுந்தபோது மண்டபத்து ஜன்னல் முழுக்க வெயில். வரவேற்பை முந்தைய நாள் சீக்கிரமே முடித்து, அவளைத் தனியறையில் படுக்கவைத்து, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது வள்ளிக்கண்ணுதான். பெண்ணைப் பார்க்க வந்த அத்தை சித்தி எல்லோரையும் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அலங்காரம் செய்தவள், கண்ணில் தூக்கம் இருக்கிறதே என்று குறைப்பட்டாள். போட்டோக்காரர் கொஞ்சம் சிரிங்க மேடம் என்று பலமுறை கேட்டார். காலை வேளையில் தனக்கு எவ்வளவு சிரிப்பு வருமோ அவ்வளவு சிரித்தாள் பானு. சித்தார்த்தன் தாலி கட்டக் குனிந்தபோது, “காலைல இருக்கறவங்கதானே நீங்க?” என்று காதோரம் கேட்டான். “உம்” என்றாள் அவள். அந்தப் படம் மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

மாலையில் முசிறிக்குக் கார் கிளம்பியது. முன்சீட்டில் ராக்கம்மாள், பின்னால் இவர்கள் இருவர். விடியலுக்கு முன்பிருந்து ஓடியாடிய மாப்பிள்ளை, ஊர் எல்லை தாண்டுவதற்குள் மனைவியின் தோளில் சாய்ந்துவிட்டான். மாலையின் கசங்கிய ரோஜா அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாலையோரம் வாழைத்தோட்டங்கள் கறுப்பாகிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு அப்பால் ஆறு, வானத்தில் மிச்சமிருந்த செம்மையை எல்லாம் இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டிருந்தது. அங்கங்கே வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. ஒவ்வொரு விளக்குக்கும் பானுவுக்குள் ஏதோ ஒன்று லேசாகக் கண் திறந்தது.

ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். “தூங்கிட்டானா? இவன் சின்னதுலேர்ந்தே இப்படித்தான். நீயும் கொஞ்சம் கண்ணை மூடு கண்ணு.”

“எனக்கு இப்பதான் அத்தை விடிஞ்சிருக்கு. பத்து மணிக்கு மாத்திரை போட்டுக்குவேன். அதுவரைக்கும் இப்படித்தான்.”

சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று அவள் பயந்தாள். ராக்கம்மாள் முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

“சரி, அப்ப ஏதாவது பேசிக்கிட்டு வா. எனக்கும் கார்ல தூக்கம் வராது. டிரைவர் தம்பிக்கும் நல்லது.”

பானு தோளை அசைக்காமல், அவன் தலை சரிந்துவிடாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று யோசித்தாள். காலையில் அவன் காதோரம் கேட்டானே, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தொடங்கினாள். லேபிள் வேண்டும் என்று அவன் அச்சகத்துக்கு வந்த நாளை. மெதுவாகவே சொன்னாள். நடுவில் ஆற்றின்மேல் பறவைகள் ஒரு நீளக் கோடாகப் போயின. அதைப் பார்த்து அவள் நிறுத்திவிட்டாள்.

“ம், அப்புறம்?” என்றாள் ராக்கம்மாள்.